இரண்டாம் எண் பொம்மை

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில், கூனிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் போட்ட பிரேக்கில் என் பையின் வாய் திறந்து, மண்டை ஓடு உருண்டு முன்பக்கம் போய்விட்டது.

பயப்பட வேண்டாம், நானே செய்த மண்டை ஓடுதான். மலேசியாவில், ஈப்போ என்ற ஊரில், முப்பது வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. பேய்ப் படங்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்து கொடுப்பேன். மந்திரப் புத்தகம், வளைந்த கத்தி, ரத்தக் கிண்ணம், ஆணி அடித்த பொம்மை என்று எது கேட்டாலும் கிடைக்கும். இந்தியாவுக்கு இதுவரை கோயில் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். வேலைக்காக வந்தது இதுதான் முதல் தடவை. கம்பெனி அனுப்பிய வேன் பெரிய முதலியார்சாவடியில் நின்றுவிட்டது. டிரைவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் பொறுத்தேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான். பெரிய பெட்டிகளை அவரிடம் விட்டுவிட்டு, முக்கியமான பையை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டேன்.

"யாருதுப்பா இது?" என்று கண்டக்டர் கத்தினார். "எறங்கும்போது தலைய மறந்துட்டுப் போவாதீங்கப்பா!"

பேருந்தே சிரித்தது. முன் இருக்கையில் கறுப்பு புர்கா போட்ட ஒரு அம்மா குனிந்து அதை எடுத்தார். "யா அல்லா!" என்றவர், அடுத்த நொடியே விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக்கு."

"ஃபைபர்மா" என்றேன். கொஞ்சம் ரோஷமாகவே சொன்னேன்.

"இத வச்சி இன்னா பண்ணுவீங்க?"

"சினிமாவுக்கு. பேய்ப் படம்."

"அட, எங்க ஊட்டுப் புள்ளைங்க அதப் பாத்துட்டு பாத்ரூம் போவறதுக்கு என்னத் தொணைக்குக் கூப்புடுதுங்க. உங்களாலதானா அது?"

கூனிமேடு வரும்வரை மண்டை ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் மடியில் வைத்து, என் துப்பட்டாவாலேயே அதை மூடினார். "மூடி வைங்க. பாக்குறவங்க மனசு எப்படின்னு நமக்குத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுக்கப்போகிற படத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பழைய வெள்ளைக்கார வியாபாரியின் மாளிகை. அதன் நிலவறையில் மந்திர நூல் ஒன்று கிடைக்கிறது. அதை வைத்து ஏழு பேர் அங்கி மாட்டிக்கொண்டு, உப்பால் வட்டம் போட்டுச் சாத்தானைக் கூப்பிடுகிறார்கள். மாளிகைக் காட்சிகள் எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது அந்த வட்டம் மட்டும்தான். அதை மரக்காணம் உப்பளத்தில், விடியும் நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது டைரக்டரின் கனவு. முப்பது வயது, தூக்கம் கெட்ட கண், எதைப் பார்த்தாலும் இரண்டு கை விரலாலும் சட்டம் கட்டிப் பார்க்கும் பழக்கம். நல்ல பையன்தான், பசி மட்டும் அவருக்கு ஞாபகம் வராது.

இந்தத் தொழிலுக்காக மேல்நாட்டு மந்திர நூல்கள் நிறையப் படித்திருக்கிறேன். பாதிக்கு மேல் சலிப்பாக இருக்கும். எந்தக் கிழமை குளிக்க வேண்டும், எந்தக் கிரகத்தின் நேரத்தில் மை அரைக்க வேண்டும் என்று சமையல் குறிப்பு மாதிரி போகும். அதை அப்படியே எடுத்தால் தியேட்டரில் ஆள் இருக்காது. அதனால்தான் நாங்கள் இருட்டையும் புகையையும் சேர்ப்போம். காற்றே இல்லாத அறையில் மெழுகுவர்த்தி அணையும். புரியாத மொழியில் அடித்தொண்டையில் ஏழு பேர் முனகுவார்கள். உப்பு வட்டம் மட்டும் அசல். வட்டத்துக்குள் நிற்பவனைச் சாத்தான் தொட முடியாது, வட்டம் அறுந்தால் போயிற்று. எத்தனை வட்டங்கள் போட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒன்றின் முன்னால்கூட எனக்கு ரோமம் சிலிர்த்ததில்லை.

மறுநாள் விடியற்காலை உப்பளத்துக்குப் போனோம்.

எனக்குத் தெரிந்த உப்பு பாக்கெட்டில் வரும். கண் முன்னால் இருந்தது வேறு. சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் சதுரம் சதுரமாகப் பாத்திகள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம். சூரியன் மேலே வர வர ஒவ்வொரு சதுரமாக ரோஸ் நிறமாகி, பிறகு மஞ்சளாகி, கடைசியில் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளையானது. வரப்போரம் வரிசையாக உப்புக் குவியல்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட பெண்கள், தலையில் கூடையோடு, குறுகலான வரப்பில் கீழே பார்க்காமலே நடந்து வந்தார்கள். எங்கள் ஊரில் சுண்ணாம்பு மலைகள் உண்டு, குகைக் கோயில்கள் உண்டு, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் வாயை மூட மறந்து நான் நின்றது இங்கேதான்.

"செருப்பு வரப்பு வரைக்குந்தான் மேடம்" என்றார் மேஸ்திரி ஏழுமலை. அந்தப் பக்கத்துப் பாத்திகளை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து விடுகிறவர் அவர். "பாத்தியில செருப்புக் கால் படக் கூடாது. எம்மாம் பெரிய ஆளா இருந்தாலும் வெறுங்காலுதான்."

டைரக்டர் ஏற்கெனவே ஓர் இடத்தைப் பார்த்து வைத்திருந்தார். அவ்வளவு வெள்ளைக்கு நடுவே ஒரே ஒரு பாத்தி மட்டும் சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் இல்லை, உப்பும் இல்லை. மூலையில் ஒரு மண்பானை கவிழ்த்து வைத்திருந்தது.

"பாருங்க மேடம், நாம செட்டே போட வேணாம்" என்று சொல்லி விரலால் சட்டம் கட்டிக்கொண்டே அவர் இறங்கப் போனார்.

"அங்க எறங்காதீங்க!"

இரண்டு பாத்தி தள்ளி ஒரு பெண் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். காய்ந்து கறுத்த முகம். உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த பாதங்கள். பெயர் அம்சவேணி. அந்தச் சாம்பல் நிறப் பாத்தி அவளுடையது.

அவள் கதையை மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் முழுதாகக் கேட்டேன். கீற்றுக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ஒரு வாய் வைத்ததும் உப்பு கொஞ்சம் குறைவாகப் பட்டது. சுற்றிலும் மலை மலையாக உப்பு இருக்க, உப்புக் கேட்பதா வேண்டாமா என்று நான் முழித்ததைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பையிலிருந்து கடையில் வாங்கிய பாக்கெட் உப்பை எடுத்துக் கொடுத்தாள். "பாத்தியில வாருன உடனே எடுத்துப் போட்டா கசக்கும்க்கா" என்றாள்.

அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

"போன சீசன் ஆரம்பத்துல பாத்தித் தரைய மிதிச்சுக் கெட்டியாக்கலாம்னு எறங்குனேன். மூலையில மண்ணுக்குள்ளேர்ந்து கை மாதிரி நீட்டிக்கினு இருந்துச்சு. தோண்டிப் பாத்தா பொம்மை. கறுப்பு பொம்மை. ஒடம்பு பூரா ஆணி, தலையில முடி. யாரோ செய்வினை வச்சிட்டாங்க. மறுநாளே எங்க ஊட்டுக்காரரு வண்டியிலேர்ந்து விழுந்து காலு ஒடஞ்சுது. இன்னும் நொண்டி நொண்டித்தான் நடக்கறாரு. அப்பால நான் எறங்கவே இல்ல."

"யாராவது மந்திரவாதியைக் கூப்பிட்டுப் பார்க்கலையா?"

"ரெண்டு பேரு வந்தாங்க. யாரு வச்சாங்கன்னு தெரியாம எடுத்தா எடுக்கறவனுக்குப் போவும்னு சொல்லிட்டாங்க. அதான் பானையப் போட்டுக் கவுத்து வச்சிருக்குது."

அன்றிலிருந்து அவள் மற்றவர்கள் பாத்தியில் கூலிக்கு உப்பு சுமக்கிறாள். ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு மிச்சத்தைச் சொன்னார். "ஒரு சீசன் சும்மா கெடந்துட்டுது. இந்த சீசனும் கெடந்தா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க மேடம். நான் தடுக்க முடியாது. அவங்க மாமனார் காலத்துலேர்ந்து வார்ற பாத்தி. எறங்கும்மான்னா எறங்க மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியாத கோபம். ஒரு பொம்மைக்கு ஒரு குடும்பத்தின் பாத்தி பலியா? சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக அந்தப் பாத்தியில் இறங்கினேன். அம்சவேணி "அக்கா, வேணாம்!" என்று கத்தினாள். வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் இருபதடி பின்னால் போய்விட்டார்கள். பட்டப்பகல், உச்சி வெயில், ஒரு நிழல்கூடக் கிடையாது. பயம் இருட்டில்தான் குடியிருக்கும் என்று முப்பது வருடமாகப் படத்தில் காட்டிப் பிழைத்தவள் நான். அந்த வெளிச்சத்தில் அத்தனை முகங்களிலும் அதைப் பார்த்தேன்.

பானையைத் தூக்கினேன்.

முழ நீளப் பொம்மை. வெயிலும் உப்பும் தின்று பாதி வெளுத்திருந்தது. சோழிக் கண். நன்றாகவே செய்திருந்தார்கள். அதுதான் முதலில் உறைத்தது: நன்றாக. கையில் எடுத்ததும் இன்னும் உறைத்தது, ஏனென்றால் எடையே இல்லை. உள்ளே ஸ்பாஞ்ச். ஆணிகளின் முனைகளை யாரோ அரத்தால் மழுக்கியிருந்தார்கள். நடிகர் கையில் குத்தக் கூடாது என்று நாங்கள் செய்கிற வேலை அது. முடி ஒட்டிய இடத்தில் சூடான பசைத் துப்பாக்கி விட்டுப்போகும் நூலாம்படை மாதிரி இழைகள். திருப்பிப் பார்த்தேன். பாதத்தில் மார்க்கர் பேனாவால் '2' என்று எழுதியிருந்தது.

எங்கள் தொழிலில் எதையும் மூன்றாகத்தான் செய்வோம். ஒன்றாம் எண் கிட்டத்தில் காட்ட. இரண்டாம் எண் தூரக் காட்சிக்கு. மூன்றாம் எண் எரிக்கவோ உடைக்கவோ. மந்திரவாதி யாரும் பொம்மைக்கு எண் போடுவதில்லை.

"இங்க இதுக்கு முன்னாடி ஷூட்டிங் நடந்துச்சா?" என்று கத்திக் கேட்டேன்.

"ஆமா மேடம்" என்றார் ஏழுமலை. "பொம்மை கெடைக்கறதுக்கு முன்ன வருஷம், மழைக்கு முன்னால ரெண்டு நாளு எடுத்தாங்க. எங்கள கிட்டயே விடல. ரோட்டுலேர்ந்தே பாத்துட்டுப் போயிட்டோம்."

வேன் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. என் பெட்டியைத் திறந்து, எங்கள் படத்துக்கு நான் செய்த பொம்மைகளை எடுத்து வந்தேன். மூன்று பொம்மை, மூன்று பாதத்திலும் எண்கள். வரப்பின் மேல் அந்தப் பழையதையும் பக்கத்தில் வைத்தேன். அம்சவேணி தூரத்தில் நின்றே எட்டிப் பார்த்தாள். பசையைக் காட்டினேன், ஸ்பாஞ்சைப் பிய்த்துக் காட்டினேன், மழுங்கிய ஆணியை என் உள்ளங்கையில் அழுத்திக் காட்டினேன். யாரோ ஒரு சாமான்காரன் மறந்துவிட்டுப் போனது, மழையில் மண்ணுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அவள் முகம் மலரப்போகிறது என்று காத்திருந்தேன்.

அவள் நான்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப உங்க ஆளுங்க வச்சதுதான்."

"வைக்கலை அம்சவேணி, மறந்துட்டாங்க. யார் மேலயும் பகை கிடையாது. வெறும் விளையாட்டுச் சாமான்."

"பகை இல்லாம வச்சா மட்டும்?" அவள் குரல் உயரவே இல்லை. "எங்க ஊட்டுக்காரரு விழுந்தாரா இல்லியா? ஒரு வருஷம் எம்பாத்தி காஞ்சி கெடந்துச்சா இல்லியா? அது வேல செஞ்சுதாக்கா, செய்யலியா?"

மந்திரம் சொல்லாமல், மை அரைக்காமல், கிரகம் பார்க்காமல், சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவன் செய்த ஸ்பாஞ்ச் பொம்மை ஒரு வருடம் ஒரு பாத்தியைக் கட்டிப் போட்டிருக்கிறது. நான் படித்த மந்திர நூல்கள் எதுவும் அவ்வளவு சாதித்ததாக எனக்குத் தெரியாது. என் பொம்மைகளைத் துணியில் சுற்றினேன். பேருந்தில் அந்த அம்மா மண்டை ஓட்டை ஏன் மூடினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

ஏழுமலையைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார். இங்கே ஒரு வழக்கம் உண்டாம். ஒருத்தர் பாத்தி வரப்பை இன்னொருத்தர் உடைத்துவிட்டாலோ, நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டு உப்பைக் கெடுத்துவிட்டாலோ பஞ்சாயத்து கிடையாது. கெடுத்தவர் அந்தப் பாத்தியிலேயே வெறுங்காலோடு நின்று, நான்தான் செய்தேன் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். பாத்திக்காரர் உப்புத் தண்ணீரைத் திறந்துவிடுவார். தண்ணீர் நான்கு மூலையையும் தொடும்வரை நிற்க வேண்டும். அப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

"ஆனா செஞ்சது நீங்க இல்லியே மேடம்" என்றார்.

"செஞ்சது எங்க ஆளுதானே" என்றேன். அம்சவேணி சொன்ன வார்த்தையைத்தான் திருப்பிச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு அந்தப் பாத்தியின் நடுவில் நின்றேன். உப்பளத்து ஆட்கள் வரப்பைச் சுற்றி நின்றார்கள். சாத்தானைக் கூப்பிடும் குருவாக நடிக்க வந்திருந்த யோஹானும் வந்தார். ஆரோவில்லில் முப்பது வருடமாகக் கீரைத் தோட்டம் போட்டிருக்கும் வெள்ளைக்காரர், ஆறடி உயரம், மார்பு வரை வெள்ளைத் தாடி, எறும்பை மிதிக்கவும் யோசிக்கும் மனுஷன். "சின்ன வயதில் எங்கள் வீட்டில் உப்பு சிந்தினால், அம்மா ஒரு சிட்டிகை எடுத்து இடது தோளுக்குப் பின்னால் வீசச் சொல்வாள். பின்னால் நிற்கிறவன் கண்ணில் விழவேண்டுமாம்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "யார் நிற்கிறார்கள் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை."

டைரக்டர் தவித்துப் போயிருந்தார். "ஒரே ஒரு கேமரா அக்கா. ஓரமா வச்சிக்கறேன். சத்தமே வராது."

"வேணாம்" என்றாள் அம்சவேணி. "இது சினிமா இல்ல."

நான் கழற்றிப் போட்ட செருப்பு தண்ணீரில் போய்விடும் என்று டைரக்டர் நினைத்தாரோ என்னவோ, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசிவரை அப்படியே வரப்பில் நின்றார்.

நான் சத்தமாகச் சொன்னேன். "இந்தப் பொம்மையை எங்க சினிமா ஆளு ஒருத்தர் இங்க விட்டுட்டுப் போனார். அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. அவருக்குப் பதிலா நான் நிக்கறேன். அம்சவேணி பாத்தி ஒரு வருஷம் சும்மா கிடந்ததுக்குக் காரணம் நாங்கதான்." வசனம் எழுதிக் கொடுத்தால் ஆயிரம் பேர் முன்னால் பேசுவேன் என்று நினைத்திருந்தேன். கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அம்சவேணி மடைவாயை மண்வெட்டியால் வெட்டினாள். தண்ணீர் சத்தம் போடாமல் வந்தது. வெடிப்பு வெடிப்பாகக் கிடந்த தரை ஒவ்வொரு கோடாகக் குடித்துக் கறுத்தது. என் விரல்களைத் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த நிமிடமே குதிகால் வெடிப்பில் ஏறிய எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டேன். தண்ணீர் இரண்டு மூலையைத் தொட்டது. மூன்றாவது. கடற்காற்று மட்டும்தான் கேட்டது. நான்காவது மூலையில், பானை இருந்த பள்ளத்தில் தண்ணீர் இறங்கி ஒரு குமிழி வந்து உடைந்தது. என் காலடியிலிருந்து வரப்பு வரை வானம் முழுதாக விரிந்திருந்தது. மேலேயா கீழேயா, எங்கே நிற்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. புகையும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"முடிஞ்சுது" என்றாள் அம்சவேணி. "உங்க சாமான நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க."

அவ்வளவுதான். நான் வரப்பில் ஏறும்போது அவள் பாத்தியில் ஒரு கால் வைப்பாள் என்று எல்லோரும் பார்த்தோம். அவள் வைக்கவில்லை. தண்ணீரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாகவே அடுத்தவர் பாத்திக்கு வேலைக்குப் போய்விட்டாள். மிதிக்க ஆள் இறங்காத பாத்தியில் நிறுத்தி என்ன பயன் என்று ஏழுமலை தண்ணீரை வடியவிட்டார். வழக்கப்படி அதைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. அதனால் அவளிடம் கேட்கவும் வழியில்லை. அன்று ராத்திரி லாட்ஜில் இட்லியைத் தொடாமல் மூடி வைத்தேன். நின்றதும் அழுததும் எனக்குத்தான் ஆறுதல், அவளுக்கு என்ன கிடைத்தது என்று நினைத்து நினைத்து என் மீதே எரிச்சல் வந்தது.

நான்காம் நாள் சாயங்காலத்துக்குள் பாத்தித் தரை காய்ந்துவிட்டது. சாம்பல் நிறத்தின் மேல் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பூச்சு பூத்திருந்தது. அங்கேயே வட்டம் போடலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏழுமலைதான் போய்க் கேட்டார். அம்சவேணி சாலையிலிருந்தே, "எத வேணா போட்டுக்கச் சொல்லு" என்றாள்.

நாலு மூட்டை உப்பு கொட்டினோம். யோஹானும் நானும் வெறுங்காலோடு முட்டி போட்டு, இருபதடி வட்டம், உள்ளே நட்சத்திரம், ஓரத்தில் சாத்தானின் ஏழு பெயர்கள் என்று இழைத்து இழைத்துப் போட்டோம். கைவசம் இருந்த பெயர்கள் ஐந்துதான், மற்ற இரண்டும் நானாகச் சேர்த்தது. முப்பது வருடத்தில் நான் போட்ட வட்டங்களில் அதுதான் அழகானது. நட்சத்திரத்தின் முனைகளில் மெழுகுவர்த்தித் தண்டுகள், நடுவில் மண்டை ஓடு. காலையில் வந்து மெழுகுவர்த்தியை ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம். காவலுக்கு ஆள் போடலாமா என்று டைரக்டர் கேட்டார். "அதுகிட்ட எவன் மேடம் போவான்?" என்று ஏழுமலை சிரித்தார்.

ஐந்தாம் நாள் விடிய அரை மணி நேரம் இருக்கும்போது வந்து இறங்கினோம். மேகம் கவிழ்ந்திருந்தது. சாலை நனைந்திருந்தது. அங்கிகள், கேமராக்கள், ஏழு நடிகர்கள் என்று எல்லோரும் வரப்பில் வரிசையாகப் போனோம். முன்னால் போன டைரக்டர் திடீரென்று நின்றார்.

வட்டம் இல்லை. நட்சத்திரம் இல்லை. ஏழு பெயரும் இல்லை.

பாத்தியின் நடுவே கூம்பாக, கச்சிதமாக, ஓர் உப்புக் குவியல் இருந்தது. மேலே தென்னங்கீற்று போட்டு மூடி, பறக்காமல் நாலு கல்லும் வைத்திருந்தது. மெழுகுவர்த்தித் தண்டுகளை வரப்பின் மேல் உயர வாரியாக அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் மண்டை ஓடு, ஒரு பழைய துண்டால் மூடியிருந்தது.

டைரக்டர் அப்படியே குந்திவிட்டார். "யாரு... யாரு இத வாரினது?"

"நான்தான்."

சாலைப் பக்கமிருந்து அம்சவேணி வந்தாள். நீளக் கழியில் பலகை அடித்த உப்பு வாரி அவள் தோளில் இருந்தது. புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நாலு மணிக்குத் தூறல் போட்டுச்சு. உப்பத் தரையில போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. கரைஞ்சு போவாதா?"

"அக்கா, அது சாத்தானக் கூப்புடற வட்டம்க்கா!" டைரக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுவா இருந்தா இன்னா? உப்புதான?"

நான் அதற்குள் தரையைப் பார்த்துவிட்டேன். அந்த மெல்லிய வெள்ளைப் பூச்சின் மேல், ஈரத்தில், ஒரே ஒருத்தியின் வெறுங்கால் தடங்கள். மடைவாயில் இறங்கி, ஏழு பெயர்கள் இருந்த இடத்தை மிதித்து, நட்சத்திரத்துக்கு நேர் குறுக்கே நடந்து, ஒரு மூலை விடாமல் நாலு மூலைக்கும் போயிருந்தன. பானை இருந்த பள்ளத்தை மண் போட்டு மிதித்து மட்டம் செய்திருந்தது. எந்த இடத்திலும் தடம் தயங்கி நின்ற மாதிரி தெரியவில்லை.

"திரும்பப் போட்டுக்கணும்னா போட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் எங்கள் கண்ணெதிரே பாத்தியில் இறங்கிக் கற்களை எடுக்க ஆரம்பித்தாள். "முடிஞ்சதும் நானே வாரிக்கறேன். எம்பாத்தி."

கிழக்கே மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. டைரக்டர் எழுந்து, என்ன செய்யலாம் என்று என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, அவள் பின்னால் இறங்கினேன்.